தினம் கேட்கிற சிரிப்பு

என் கணவருக்குக் காது நன்றாகவே கேட்கும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீங்களும் அவரிடம் கத்தத் தொடங்கிவிடுவீர்கள். எங்கள் குடியிருப்பில் அத்தனை பேரும் அதைத்தான் செய்கிறார்கள். கீழ்வீட்டுக்காரர் இவர் முகத்துக்கு நேரே வந்து நின்று, "எப்படி இருக்கீங்க?" என்று தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி கேட்பார். இவர் நிதானமாக, "நல்லா இருக்கேன், நீங்க ஏன் கத்தறீங்க?" என்பார். உடனே இவருக்குப் புத்தியும் பிசகிவிட்டது என்று கீழ்வீட்டில் பேச்சு கிளம்பும். விளக்கம் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துப் போனதுதான் மிச்சம்.

பேச்சு அவருக்குப் புரிகிறது. பேச்சைத் தவிர மற்ற எந்தச் சத்தமும் என்ன சத்தம் என்று தெரிவதில்லை. ஸ்ட்ரோக் வந்து, கை கால் எல்லாம் ஒன்றிரண்டு மாதத்தில் தேறி, தப்பித்தோம் பிழைத்தோம் என்று வீட்டுக்குக் கூட்டி வந்த பிறகுதான் அது வெளியே வந்தது. அன்றைக்கு வாசல் மணி அடித்தது. என் கையில் சோப்பு நுரை. "யாருன்னு பாருங்க" என்றேன். அவர் எழுந்து ஜன்னலுக்குப் போனார்.

"மழை வருது. துணியை எடு" என்றார்.

வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. மணி மறுபடியும் அடித்தது. "பாத்தியா, வலுக்குது" என்றார். விளையாடுகிறார் என்று நினைத்து நானே போய்க் கதவைத் திறந்தேன். திரும்பி வந்து பார்த்தால் மனிதர் இன்னும் ஜன்னலிலேயே நின்று வானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தில் விளையாட்டு இல்லை. 

ஆஸ்பத்திரியில் பேச்சுக்கும் காதுக்கும் பயிற்சி தருகிற மேடம் ஒருவர் இருக்கிறார். அவர்தான் எங்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னார். "காதுல ஒரு கோளாறும் இல்லைம்மா. சின்ன வயசுலேர்ந்து நாம கேட்ட சத்தமெல்லாம் மூளையில பதிஞ்சு கெடக்கும். புதுசா ஒண்ணு காதுல விழுந்ததும் மூளை அதைப் பழசோட ஒத்துப் பாத்து, ஆ, இது நாய், இது தண்ணின்னு சொல்லிடும். கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள நடக்கற வேலை. இவருக்கு அந்த ஒத்துப் பாக்கற எடத்துல அடி பட்டிருக்கு. பேச்சைப் புரிஞ்சுக்கற வேலை பெரும்பாலும் இடது பக்கம் நடக்குது. இவருக்கு அடி வலது பக்கம். அதனால பேச்சு தப்பிச்சுது."

நான் தலையாட்டினேன், பாதிதான் புரிந்தது. இவர் டக்கென்று பிடித்துக்கொண்டார். இவர் ஒரு பெரிய கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். "சரக்கு வந்து எறங்குது மேடம். பெட்டியில லேபிள் இல்ல. எந்த ராக்குல ஏத்தறதுன்னு தெரியல. அதானே?"

"அதேதான்" என்று மேடம் சிரித்தார். இவர் அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத் தானும் சிரித்தார். பார்க்காமல் இருந்திருந்தால் அவர் சிரித்தது இவருக்குத் தெரிந்திருக்காது. அது எனக்கு அப்போது தோன்றவில்லை.

"புதுசா லேபிள் ஒட்டலாம். கொஞ்சம் கொஞ்சமா வரும்" என்றார் மேடம். "ஒரு சத்தம் வந்தா உடனே அதோட பேரைச் சொல்லுங்க. அவரும் கண்ணை மூடிக்கிட்டுத் திருப்பிச் சொல்லட்டும். பாத்துச் சொல்லுங்கம்மா, நீங்க என்ன பேரு சொல்றீங்களோ அதுதான் பதியும்."

கிடங்கில் இவருடைய இடத்தை இந்த மாதக் கடைசி வரைதான் வைத்திருப்பார்கள். அதற்குள் மேடம் ஒரு பரீட்சை வைத்து, சத்தம் அடையாளம் தெரிகிறது என்று கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். ஹாரன் எது, ரிவர்ஸ் வருகிற வண்டி எது, தீ அலாரம் எது என்று தெரியாத ஆளை, இரண்டு டன் தூக்குகிற வண்டியில் யார் உட்கார வைப்பார்கள்? அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. சொல்லவும் எனக்குத் தெம்பு இல்லை.

நான் ஒரு ஓட்டலின் சலவைப் பிரிவில் வேலை செய்கிறேன். படுக்கை விரிப்புகளை நீராவி உருளையில் விட்டு எடுத்து மடிக்கிற வேலை. இவர் விழுந்ததிலிருந்து இரண்டு ஷிஃப்ட் பார்க்கிறேன். விரிப்பு வந்துகொண்டே இருக்கும். ஊரில் இத்தனை பேர் தூங்குகிறார்களே, எல்லாருடைய தூக்கத்தையும் நான் ஒருத்தி மடித்து அடுக்குகிறேனே, எனக்கு மட்டும் ஏன் அதில் ஒரு பிடி கிடையாது என்று தோன்றும். வீட்டுக்கு வந்தால் குதிகால் தரையில் பாவாது. அதற்கு மேல் சமையல், அதற்கு மேல் இவருக்கு, "இது குழாய், இது மிக்ஸி, இது கதவு" என்று பேர் சொல்வது.

ஒரு சாயங்காலம் பாத்திரம் கழுவிக்கொண்டே அழுதுவிட்டேன். பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. ஒரு டம்ளர் கை நழுவி விழுந்தது, உடையக்கூட இல்லை. அதைக் குனிந்து எடுக்க வேண்டுமே என்று நினைத்ததும் அழுகை வந்துவிட்டது. குழாயைப் பிடித்துக்கொண்டு, முதுகைக் காட்டிக்கொண்டு, விக்கி விக்கி அழுதேன். இவர் வந்து பின்னால் நின்றார்.

"என்ன சத்தம் அது? நீயா?" என்றார். பிறகு, யோசித்து, "சிரிக்கிறியா?" என்றார்.

திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் அந்தக் குரலில் ஒரு ஆசை இருந்தது. இவர் விழுந்த நாளிலிருந்து அப்படி ஒரு குரலை நான் கேட்கவில்லை. இல்லை, அழுகிறேன் என்று சொன்னால் ஏன் என்பார். ஏன் என்று சொல்ல ஆரம்பித்தால் அது எங்கே போய் நிற்கும்? எனக்கு நிற்கவே கால் இல்லை.

"ஆமா, வேலையில ஒருத்தி சொன்னது ஞாபகம் வந்துச்சு" என்றேன்.

"சிரிப்பு" என்றார் இவர், மேடம் சொல்லித் தந்தபடி. "சிரிப்பு, சிரிப்பு." சொல்லிக்கொண்டே கூடத்துக்குப் போனார்.

ஒரு தடவை சொன்னால் அதோடு போயிருக்கும். ஆனால் அது வசதியாக இருந்தது, அதுதான் விஷயம். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, கதவைத் திறந்து வைத்துக்கொண்டே அழ முடிந்தது. முகத்தை மட்டும் திருப்பிக்கொண்டால் போதும். துணி மடிக்கும்போது கொஞ்சம், குளிக்கும்போது கொஞ்சம். "என்ன, இன்னிக்கும் சிரிப்பா?" என்று கூடத்திலிருந்து கேட்பார். "ஆமா" என்பேன். அந்த ஒரு வார்த்தைக்கு அவர் எவ்வளவு சந்தோஷப்பட்டார் தெரியுமா? மற்றச் சத்தமெல்லாம் இவருக்கு ஒரே குப்பையாகக் கிடந்தபோது, இது ஒன்று மட்டும் சீக்கிரமாக, சுத்தமாகப் பிடிபட்டுவிட்டது.

பயிற்சிக்கு என் கொழுந்தன் வந்துவிடுவான். மொபைல் ரிப்பேர் கடை வைத்திருக்கிறவன், வாய் மட்டும் மூடவே மூடாது. பரீட்சைக்கு மேடம் வைத்திருக்கிற படத்தாளை ஃபோட்டோ எடுத்து வந்து, அதில் உள்ள ஒவ்வொரு படத்துக்கும் சத்தம் தேடி இறக்கி, ஒரு சின்ன ஸ்பீக்கரில் போட்டான்.

"இது என்னண்ணே?"

"ஏதோ மோட்டாரு."

"நாய்ண்ணே! சின்ன வயசுல உன்னைத் துரத்திக் கடிச்சதே, அந்த ஜாதி. அதைக்கூடவா மறப்பே?"

"கடிச்சது ஞாபகம் இருக்குடா. கொரைச்சதுதான் ஞாபகம் இல்ல."

ஆனாலும் மனிதர் விடவில்லை. காதால் தெரியாததைப் புத்தியால் பிடித்தார். கோணலாக ஏறி இறங்கினால் ஆம்புலன்ஸ். ஒரே அளவாக, துண்டு துண்டாக வந்தால் ரிவர்ஸ் வண்டி. எல்லாம் ஒரே அடியாக விழுந்து சில்லறையாகச் சிதறினால் கண்ணாடி. கண்ணை மூடிக்கொண்டு, பேரைச் சொல்லிச் சொல்லி, நெற்றி வியர்க்க உட்கார்ந்திருப்பார். ஃபோர்க்லிஃப்டில் அரை அங்குலம் பிசகாமல் சரக்குப் பலகையை ராக்கில் நுழைக்கிற ஆள். அந்தப் பொறுமையைப் பார்த்தால் எனக்குப் பாவமாகவும் இருக்கும், என்னைவிட இவருக்கு எப்படி இவ்வளவு தெம்பு மிச்சம் இருக்கிறது என்று எரிச்சலாகவும் இருக்கும்.

கடைசியில் மனிதர்களின் சத்தம். ஸ்பீக்கரில் ஒரு பெண் அழுதாள்.

"சிரிப்பு" என்றார் இவர், யோசிக்காமல்.

"அண்ணே, அழுவுது."

"போடா. சிரிப்பு எனக்கு நல்லாத் தெரியும். அதை எங்க வேணா கண்டுபிடிப்பேன். அண்ணியைக் கேளு."

கொழுந்தன் என்னைப் பார்த்தான். நான் அடுப்பைப் பார்த்தேன். அப்போது சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. சொன்னால், இத்தனை நாளாக இந்த வீட்டில் நடந்தது என்ன என்று இரண்டு பேருக்கும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அடுப்பைத் தணித்து வைத்தேன்.

"இது ஏதோ நாடகத்துல வெட்டின சத்தம்" என்றான் கொழுந்தன், அவனாகவே. "பொய் அழுகை சிரிப்பு மாதிரிதான் இருக்கும். விடு. அண்ணனுக்கு ஹாரன்தான் முக்கியம்." மறுபடியும் ஹாரனுக்கே போய்விட்டார்கள்.

பரீட்சைக்கு முந்தின நாள் கொழுந்தன் ஒரு திட்டத்தோடு வந்தான். "அண்ணி, நானும் ரூமுக்குள்ள உக்காந்துக்கறேன். அண்ணன் தடுமாறினா லேசா இருமறேன். ஒரு இருமல்னா மேல் வரிசை, ரெண்டுன்னா கீழ் வரிசை."

"உங்க அண்ணனுக்கு அது இருமல்னு முதல்ல தெரியணுமே தம்பி" என்றேன்.

அவன் திருதிருவென்று முழித்தான். இவர் மேசையைத் தட்டிச் சிரித்தார். நானும் சிரித்தேன், நெடுநாளைக்குப் பிறகு, நிஜமாகவே. இவர் தம்பியைப் பார்த்தபடியே என்னிடம், "என்ன, தொண்டையில ஏதாவது சிக்கிக்கிச்சா?" என்றார்.

அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

மேடத்தின் அறை சின்னது, சுவரெல்லாம் மெத்தை வைத்தது. என்னையும் கொழுந்தனையும் மூலையில் உட்கார வைத்து, வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். மேசை மேல் படத்தாள். சத்தம் வந்தால் இவர் படத்தைத் தொட வேண்டும். நாங்கள் வீட்டில் கேட்ட சத்தங்கள் இல்லை இவை, வேறு வேறு. வேறு நாய், வேறு வண்டி.

முதல் சத்தம் ஹாரன். இவர் உதட்டைக் கடித்தார், விரல் படத்துக்கு மேலே ஆடியது, சரியாக இறங்கியது. அடுத்து ரிவர்ஸ் வண்டி. சரி. தீ அலாரம் சரி. கண்ணாடியும் சரி. நாய்க்குக் கொஞ்சம் திணறினார், பிறகு தம்பி பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு நாயையே தொட்டார். கொழுந்தன் என் கையை இறுக்கிப் பிடித்தான்.  இரண்டாவது ஷிஃப்ட்டை விட்டுவிடலாம் என்று கணக்குப் போட ஆரம்பித்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை எழுந்திருக்கவே கூடாது, யார் மணி அடித்தாலும் மழை என்று விட்டுவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போது ஒரு பெண் அழுதாள். நாடக அழுகை இல்லை. யாரோ ஒருத்தி, அடக்கி அடக்கி, மூச்சு உடைந்து உடைந்து.

இவர் முகம் மலர்ந்தது. அவ்வளவு நேரமும் நடுங்கிய விரல் நேராகப் போய்ச் சிரிக்கிற முகத்தின் மேல் உட்கார்ந்தது.

மேடம் தாளில் ஏதோ குறித்துக்கொண்டார். அடுத்து சிரிப்பைப் போட்டார். இவர் விழித்தார், தடவினார், கடைசியில் இருமுகிற ஆளைத் தொட்டார். மேடம் இன்னொரு அழுகை போட்டார், இந்தத் தடவை ஒரு ஆணின் அழுகை. சிரிப்பு. மூன்றாவதாக ஒரு பெண். சிரிப்பு.

மேடம் மெஷினை நிறுத்தினார். "மத்ததெல்லாம் நான் எதிர்பார்த்ததுக்கு மேலயே பண்ணிட்டீங்க. சிரிப்புத் தெரியலன்னா பரவாயில்ல, விட்டுடுவேன். அழுகையை விட முடியாதுங்க. கிடங்குல ஒருத்தர் பலகைக்கு அடியில மாட்டிக்கிட்டு, வார்த்தை வராம அழுதார்னு வைங்க. யாரோ சிரிக்கிறாங்கன்னு நீங்க வண்டியை எடுத்துடுவீங்க. என்னால கையெழுத்துப் போட முடியாது."

இவர் படத்தாளை ஒரு தடவை பார்த்தார். பிறகு கோபம் வந்துவிட்டது. ஸ்ட்ரோக்குக்குப் பிறகு இவர் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை.

"மேடம், மத்த எதுல வேணா நான் தப்புப் பண்ணியிருப்பேன். இதுல இல்ல. இது சிரிப்புதான். எனக்குத் தெரியாதா? தினம் கேக்கறேனே வீட்டுல!"

  மேடம் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். கொழுந்தன் என் கையை விட்டுவிட்டு என்னைப் பார்த்தான். இவர் ஒருவர்தான் பார்க்கவில்லை, இவர் மேடத்தையே பார்த்துக்கொண்டு, நியாயம் கிடைக்கும் என்று காத்திருந்தார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

"வெள்ளிக்கிழமை காலையில வாங்க" என்றார் மேடம், என்னிடம். "மாசம் முடியறதுக்குள்ள எனக்கு அந்த ஒரு நாள்தான் இருக்கு. இந்த ஒண்ணை மட்டும் சரி பண்ணிட்டு வாங்கம்மா."

வெளியே வண்டிகள் நிறுத்துகிற இடத்துக்கு எதிரே ஒரு சிமெண்டு பெஞ்ச். உட்கார்ந்தோம். கொழுந்தன், "டீ வாங்கிட்டு வரேன்" என்று கழன்றுகொண்டான். நழுவுவதில் அவன் கெட்டிக்காரன், அன்றைக்கு அது நல்லதாகவே போயிற்று.

"அந்த மெஷின்ல ஏதோ கோளாறு" என்றார் இவர், எதிரே நின்ற வண்டிகளைப் பார்த்துக்கொண்டு. "நீ மனசை விடாத. நான் வேற எதாவது வேலை பாக்கறேன். நீதான் பாவம், அந்த ஓட்டல்ல கெடந்து சாகறே."

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. வந்துவிட்டது. முகத்தைத் திருப்பவும் தோன்றவில்லை, திருப்புகிற தெம்பும் இல்லை.

இவருக்கு உடனே முகம் வெளிச்சமானது. "இதோ! இதைத்தான் போட்டாங்க! இதை எப்படி அந்தம்மா..." என்று சொல்லிக்கொண்டே என் பக்கம் திரும்பினார். திரும்பியவர் பேச்சைப் பாதியில் விட்டுவிட்டார். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே என் முகத்தையும் இவர் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"கண்ணுல தண்ணி வருது" என்றார். பிறகு, அவரே சமாதானம் தேடிக்கொண்டு, "சிரிச்சாலும் வருமே" என்றார்.

"அழறேங்க" என்றேன். "இது அழுகை."

 கிடங்கில் கணக்கு இடித்தால் இவர் ராக்குகளுக்கு நடுவே திரும்பப் போய் ஒவ்வொரு பெட்டியாகப் பார்ப்பாராம், இவருடைய கூட்டாளிகள் சொல்லியிருக்கிறார்கள். அப்படித்தான் பார்த்தார்.

"அன்னிக்குப் பாத்திரம் கழுவினப்போ?"

"அழுகை."

"துணி மடிக்கறப்போ?"

"அழுகைதான்."

"பாத்ரூம்ல, தண்ணியைத் தெறந்து விட்டுட்டு?"

"அதுவும்."

"நேத்து, இவன் இருமறேன்னு சொன்னானே, அப்போ?"

"அது சிரிப்பு."

"அது வேற மாதிரி இருந்துச்சு" என்றார். "அதைக் கேட்டே ரொம்ப நாளாச்சு போல. எனக்கு என்னன்னே தெரியல."

வண்டி ஒன்று பின்னோக்கி வந்து நின்றது, துண்டு துண்டாகக் கத்திக்கொண்டு. "ரிவர்ஸ்" என்று பழக்கத்தில் முணுமுணுத்தார். பிறகு, "நான் சந்தோஷமா இருந்தேன்" என்றார். "இந்த வீட்டுல நீயாவது சிரிக்கிறியேன்னு. உள்ள ஒக்காந்து கேட்டுக்கிட்டே இருப்பேன். ஏன் சொல்லல?"

"அலுப்பா இருந்துச்சு" என்றேன். வேறு காரணம் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

அதற்கும் தலையாட்டினார். நகர்ந்து, என் தோளில் இடிக்கிற மாதிரி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். எனக்கு அழுகை அடங்கிக்கொண்டு வந்தது. முந்தானையால் மூக்கைத் துடைத்தேன்.

"நிறுத்தாத" என்றார். "வெள்ளிக்கிழமைக்கு அதிக நாள் இல்ல. இன்னும் கொஞ்சம் அழு. சரியாக் கேட்டுக்கறேன்."

அழுவதற்கு எனக்குச் சொல்லித் தர வேண்டுமா என்ன? அழுதேன். இவர் கண்ணை மூடிக்கொண்டு, காதை என் பக்கம் சாய்த்து, "அழுகை, அழுகை" என்று பேரைச் சொல்லிக்கொண்டே இருந்தார்.